அகமதாபாத்தின் மகாஜனங்கள்: வணிகரிடமிருந்து தொழிலாளர் ஏற்ற ஒரு பெயர்

தமிழில் ‘மகாஜனங்களே’ என்று விளித்தால் அது ஊர் மக்கள் அனைவரையும் குறிக்கும். விழா அழைப்பிதழ்களிலும் பொதுக்கூட்ட அறிவிப்புகளிலும் இச்சொல் நெடுங்காலமாக அப்பொருளிலேயே வழங்கி வருகிறது. குஜராத்தில் இதே சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே மகாஜனம் என்பது ஒரே வணிகத்தில் ஈடுபட்டோர் கூடி அமைத்துக்கொண்ட சங்கத்தின் பெயர். துணி வணிகர்க்கு ஒரு மகாஜனம், தானிய வணிகர்க்கு ஒரு மகாஜனம், உண்டியல் மாற்றும் சராப்புகளுக்கு ஒரு மகாஜனம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒன்று இருந்தது. விலை, விடுமுறை, வழக்கு, தருமம் ஆகிய நான்கும் அதன் பொறுப்பில் இருந்தன.

அகமதாபாத் நகரத்துச் சமணர்களின் வரலாற்றை மகாஜனத்தின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. நகரின் பெருவணிகரில் சமணர் முதன்மை பெற்றிருந்தனர். வைணவ வணிகரும் அவர்களோடு ஒரே மகாஜனத்தில் அமர்ந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த அமைப்பு தளர்ந்தும், உருமாறியும், இறுதியில் எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் மறுபிறப்பு எடுத்தும் தொடர்ந்தது. 1920-ல் அந்நகரத்து ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்குச் சூட்டிக்கொண்ட பெயர் ‘மஜூர் மகாஜன சங்கம்’. வணிகர் சபையின் பெயர் கூலித் தொழிலாளரின் சங்கத்துக்கு வந்து சேர்ந்த வழி, அறப்பணியில் ஈடுபட்டோர் யாவரும் அறியத்தக்கது.

வணிக நகரம்

சாபர்மதி ஆற்றங்கரையில் 1411-ல் சுல்தான் அகமது ஷா எழுப்பிய நகரம் அகமதாபாத். பட்டு, பொற்சரிகை, பருத்தி ஆகிய மூன்று இழைகளில் அதன் வாழ்வு தொங்குகிறது என்பது பழைய வழக்கு. நெசவாளர், சாயமிடுவோர், சரிகை இழுப்போர், காகிதம் செய்வோர், மரச்சிற்பிகள் எனப் பலவகைக் கைவினைஞர் அங்கு வாழ்ந்தனர். அவர்கள் செய்த பொருள்களைத் தொலைதூரச் சந்தைகளுக்கு அனுப்பியும், உண்டியல் எழுதிப் பணப் பரிமாற்றம் நடத்தியும் வணிகர்கள் செழித்தனர். நகருக்குள் ‘போள்’ எனப்படும் குடியிருப்புகள் இருந்தன. ஒரே வாயிலும், குறுகிய தெருவும், பறவைகளுக்குத் தானியம் இடும் கம்பமும் கொண்ட இந்தப் போள்களில் ஒரு சாதியினரோ ஒரு தொழிலினரோ சேர்ந்து வாழ்ந்தனர்.

முகலாயர் ஆட்சி தளர்ந்து மராத்தியர் ஆதிக்கம் வந்த 18-ஆம் நூற்றாண்டில் நகரம் பெரிதும் சிதைந்தது. 1818-ல் ஆங்கிலேயர் அதைக் கைக்கொண்டபோது மதில்கள் இடிந்தும், பல வீதிகள் பாழடைந்தும் கிடந்தன. ஆட்சிகள் மாறிய அந்நூற்றாண்டு முழுவதும் நகர வணிகத்தைத் தாங்கிப் பிடித்தவை மகாஜனங்களே.

மகாஜனமும் பஞ்சும்

வணிகரின் சங்கத்துக்கு மகாஜனம் என்றும், கைவினைஞரின் சங்கத்துக்குப் பஞ்ச் என்றும் பெயர். இரண்டின் நடைமுறையும் பெரும்பாலும் ஒத்தவை. தொழிலில் புதிதாக நுழைவோர் கட்டணம் செலுத்திச் சேரவேண்டும். விதியை மீறினால் தண்டம் உண்டு. தண்டத்தைச் செலுத்த மறுப்பவரோடு வணிக உறவு துண்டிக்கப்படும். சரக்கை எடுத்துச் செல்ல வண்டிக்காரர் வரமாட்டார். உண்டியலைச் சராப்பு ஏற்கமாட்டார். அரசின் ஆணை எதுவும் இல்லாமலே மகாஜனத்தின் சொல் நகரில் செல்லுபடியானதற்குக் காரணம் இதுவே.

பம்பாய் மாகாண அரசு 1879-ல் வெளியிட்ட அகமதாபாத் கெசட்டியர் இச்சங்கங்களின் செயல்முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அதில் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி சங்கத்தின் உள்ளத்தைக் காட்டுகிறது. கொத்தனாரில் சிலர் விடியற்காலையிலேயே கூடுதல் நேரம் உழைத்து அதிகக் கூலி பெற்றனர். வேறு சிலரோ வேலையின்றி இருந்தனர். செய்தி பஞ்சின் முன் வந்தது. அனைவருக்கும் போதிய வேலை இல்லாத நிலையில் எவரும் கூடுதல் நேரம் உழைக்கலாகாது என்று பஞ்ச் முடிவு செய்தது. ஒருவரின் மிகை வருமானம் இன்னொருவரின் பசியாகிவிடக் கூடாது என்பதே அதன் கருத்து.

பொதுநிதி சேர்க்க அவர்கள் கையாண்ட ஒரு முறையும் சுவையானது. குறிப்பிட்ட ஒரு நாளில் அத்தொழிலைச் சேர்ந்த கடைகள் அனைத்தையும் மூடுவது, ஒரே ஒரு கடையை மட்டும் திறந்து வைப்பது என்று உடன்பாடு செய்வர். அந்த ஒரு கடையைத் திறக்கும் உரிமை ஏலத்தில் விடப்படும். அதிகத் தொகை கேட்டவர் அன்று வணிகம் செய்வார். அவர் கட்டிய ஏலப்பணம் சங்கத்தின் நிதியில் சேரும். போட்டியை ஒழிக்காமல், அதன் பயனைப் பொதுவுக்குத் திருப்பிய ஏற்பாடு அது.

லாகா என்னும் சிறுதொகை

மகாஜனத்தின் உயிர்நாடி லாகா. கொள்முதலிலும் விற்பனையிலும் சரக்கின் மதிப்புக்கோ எடைக்கோ ஏற்ப ஒரு சிறு தொகையை அறத்துக்கென ஒதுக்கிவைப்பது இவ்வழக்கம். அத்தொகை கணக்கேட்டில் தனித் தலைப்பில் எழுதப்பட்டு உரிய காலத்தில் பொதுநிதிக்குச் செலுத்தப்படும். தென்தமிழக வணிகப் பேட்டைகளில் மகமை எனப்படும் வழக்கத்தை அறிந்தோருக்கு இது புதிதன்று. செல்வம் குவிந்த பின் ஒருநாள் மனமிரங்கிக் கொடுப்பது ஒரு வகை. ஒவ்வொரு மூட்டை கைமாறும்போதும் பொதுப்பங்கு தானாகவே பிரிந்து செல்வது வேறு வகை. லாகா இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பெருவணிகரும் சிறுவணிகரும் அவரவர் வணிகத்தின் அளவுக்கு ஏற்பச் செலுத்தினர். ஆதலால் நிதியின் மேல் அனைவருக்கும் உரிமையும் கவலையும் இருந்தன.

இந்நிதியின் முதன்மையான பயனாளி பாஞ்சராப்போள். முதுமையாலும் நோயாலும் கைவிடப்பட்ட மாடு, குதிரை, ஆடு, பறவை முதலிய உயிர்களைக் காக்கும் புகலிடம் அது. தானியத்தோடு வரும் புழுபூச்சிகளைக்கூடக் கொல்லாது விட்டுவைக்க ‘ஜீவாத் கானா’ என்னும் தனி அறையும் சில பாஞ்சராப்போள்களில் உண்டு. ஐரோப்பியப் பயணிகள் இதனைக் கண்டு வியந்தும் நகைத்தும் எழுதினர். பம்பாயில் 1834-ல் நிறுவப்பட்ட பாஞ்சராப்போளும் இவ்வகை வணிக லாகாவினால் நிலைபெற்றதே. பருத்தி முதலிய சரக்குகளின் வணிகர்கள் தங்களுக்குள் விதித்துக்கொண்ட சிறுதொகை அதனைப் பேணியது. சமணப் பெருவணிகர் மோதிசாவும், பார்சிப் பெருவணிகர் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் அதனை நிறுவியோரில் முதன்மையானவர்கள்.

கோயில் திருப்பணி, தருமசாலை, குளம் கிணறு, பஞ்ச காலத்துக் கஞ்சித் தொட்டி ஆகியவற்றுக்கும் மகாஜன நிதி சென்றது. 1899–1900-ல் வந்த கொடும்பஞ்சத்தைக் குஜராத்திகள் விக்கிரம ஆண்டு 1956-இன் பெயரால் ‘சப்பனியோ’ என்று இன்றும் நினைவுகூர்கின்றனர். மனிதரும் கால்நடைகளும் ஒருங்கே மடிந்த அக்காலத்தில் நகர வணிகரின் பொதுநிதிகள் கடும் சோதனைக்கு உள்ளாயின.

நகரசேட்

மகாஜனங்கள் அனைத்துக்கும் மேலாக நகரசேட் என்னும் பதவி இருந்தது. வணிகர் சார்பில் அரசோடு பேசுவதும், மகாஜனங்களுக்கிடையே எழும் வழக்குகளைத் தீர்ப்பதும் அவர் பொறுப்பு. 17-ஆம் நூற்றாண்டில் முகலாய அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த மணி வணிகர் சாந்திதாஸ் ஜவேரியின் வழியினரிடம் இப்பதவி நிலைத்தது. அவர்கள் ஓசுவால் மரபுச் சமணர்.

1725-ல் மராத்தியப் படை நகரைச் சூறையாட முனைந்தபோது சாந்திதாஸின் பேரர் குஷால்சந்த் தமது சொந்தப் பொருளைக் கொடுத்து நகரைக் காத்தார். அதற்கு நன்றியாக நகர வணிகர்கள், முத்திரையிடப்படும் சரக்கின் மதிப்பில் நூறு ரூபாய்க்கு நான்கணா வீதம் அவருக்கும் அவர் வழியினருக்கும் செலுத்த இசைந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் அவ்வுரிமை ஆண்டுதோறும் வழங்கும் மானியமாக மாற்றப்பட்டது. நகரைக் காத்தவருக்கு நகரம் பட்ட கடனை நகரமே தன் வணிகத்திலிருந்து தீர்த்தது.

இடிந்த மதிலைப் புதுப்பித்த பணியும் இத்தகையதே. 1830-களில் நெய் முதலிய பண்டங்களின் மேல் ஒரு சிறு வரி விதிக்கப்பட்டு மதில் நிதி ஒன்று தொடங்கப்பட்டது. ஆங்கில அதிகாரிகளோடு நகரப் பெரியோரும் அமர்ந்த குழு அதை நிர்வகித்தது. மதில் வேலை முடிந்தபின் எஞ்சிய பணம் நகரின் பிற தேவைகளுக்குப் பயன்பட்டது. அகமதாபாத் நகராட்சியின் முளை இக்குழுவிலேயே இருந்தது என்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர்.

அக்காலத்துப் பெருவணிகர் ஹட்டீசிங் கேசரிசிங் பதினைந்தாம் தீர்த்தங்கரரான தர்மநாதருக்கு வெண்பளிங்கில் எழுப்பத் தொடங்கிய ஜினாலயம், டெல்லி வாயிலுக்கு வெளியே இன்றும் நிற்கிறது. அவர் 1845-ல் மறைந்தபின் அவர் மனைவி ஹர்குன்வர் சேடாணி பணியை ஏற்று 1848-ல் நிறைவேற்றினார். கோயிலோடு அவர் அறம் நின்றுவிடவில்லை. பெண்கல்விக்கும் அவர் பொருளுதவி செய்தார். கைம்பெண் ஒருத்தி பெருந்தனத்தை நிர்வகித்துப் பொதுப்பணி ஆற்றியது அந்த நூற்றாண்டில் அரிய செய்தி.

சத்ருஞ்ஜயம் முதலிய திருத்தலங்களைப் பேணும் ஆனந்த்ஜி கல்யாண்ஜி அமைப்புக்கு 1880-ல் நகரசேட் பிரேமாபாய் ஹேமாபாயின் தலைமையில் முறையான விதிகள் வகுக்கப்பட்டன. அந்த அமைப்பை மக்கள் ‘பேடி’ என்றே அழைக்கின்றனர். பேடி என்றால் வணிக நிறுவனம். கடையின் கணக்கு ஒழுங்கு கோயிலின் கணக்குக்கும் வேண்டும் என்னும் வணிகரின் எண்ணம் அப்பெயரில் அடங்கியுள்ளது.

ஆலைகளின் வருகை

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஆலைத் துணி இந்தியச் சந்தைகளை நிறைத்தது. கைநெசவும் கைநூற்பும் நலிந்தன. நீராவி ஆலை ஒன்றை அகமதாபாத்திலேயே நிறுவலாம் என்ற எண்ணத்தை முதலில் செயலாக்கியவர் ரண்சோட்லால் சோட்டாலால் என்னும் நாகர் அந்தணர். இங்கிலாந்திலிருந்து இயந்திரம் வாங்குவதில் தாதாபாய் நௌரோஜி அவருக்கு உதவினார். முதலில் அனுப்பப்பட்ட இயந்திரங்கள் கடலிலேயே அழிந்தன. மீண்டும் வரவழைக்கப்பட்டவை கம்பாத்துத் துறைமுகத்தில் இறக்கப்பட்டு மாட்டுவண்டிகளில் நகருக்கு வந்தன. அப்போது அகமதாபாத்துக்கு ரயில் பாதை இல்லை. 1861 மே 30-ஆம் நாள் ஆலை ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் அதில் 2,500 கதிர்களே இருந்தன.

வணிகர்கள் சில காலம் தயங்கி நின்று பார்த்தனர். பின்னர் துணிந்து இறங்கினர். நூற்றாண்டின் இறுதிக்குள் சமணக் குடும்பங்கள் பல ஆலை முதலாளிகளாயின. லால்பாய் தல்பத்பாய், மன்சுக்பாய் பகுபாய், காலிகோ ஆலையை நடத்திய சாராபாய் குடும்பத்தார் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். 1891-ல் ஆலை முதலாளிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அதன் பெயர் புதிது. ஆனால் அதில் அமர்ந்தோர் மகாஜனக் கூட்டங்களில் பழகியவர்கள்.

இந்த ஆலைகளுக்கு முதல் வந்த வழியே மகாஜன மரபின் வலிமைக்குச் சான்று. பெரிய ஐரோப்பிய வங்கிகளை நம்பி அகமதாபாத் ஆலைகள் எழவில்லை. உள்ளூரார் தங்கள் சேமிப்பை ஆலை நடத்தும் சேட்டின் பெயரை நம்பி வைப்புத்தொகையாகக் கொடுத்தனர். 1930-ஐ ஒட்டி இந்திய மத்திய வங்கி விசாரணைக் குழு திரட்டிய கணக்கின்படி அகமதாபாத் ஆலைகளின் நிதியில் சுமார் 39 விழுக்காடு பொதுமக்களின் வைப்புத்தொகை. பம்பாய் ஆலைகளில் இது சுமார் 11 விழுக்காடே. வங்கிகளின் கடன் அகமதாபாத்தில் மிகச் சிறு பங்காகவே இருந்தது. சராப்பின் உண்டியலை ஏற்ற நம்பிக்கையே ஆலையின் இயந்திரத்தையும் ஓட்டியது.

வேலிக்கு வெளியே இருந்தோர்

ஆயினும் மகாஜனத்துக்கு ஒரு வேலி இருந்தது. அதன் காவல் வேலிக்குள் இருந்தோருக்கே கிடைத்தது. கைவினைஞருக்குப் பஞ்சு இருந்தது. ஆலையில் புதிதாகச் சேர்ந்த கூலித் தொழிலாளிக்கு மகாஜனமும் இல்லை, பஞ்சும் இல்லை. நிலமிழந்து கிராமத்திலிருந்து வந்தவர்கள், கைத்தறி நின்றதால் வாழ்விழந்த முஸ்லிம் நெசவாளர்கள், தீண்டாமைக்கு ஆளான வாங்கர் முதலிய சாதியினர் ஆகியோர் ஆலை வாயிலில் கூடினர். நூற்புப் பிரிவில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர். நெசவுப் பிரிவில் முஸ்லிம்களும் பட்டீதார்களும் மிகுதி. குடிநீர்ப் பானைகூட ஆலைக்குள் தனித்தனியாகவே இருந்தது.

மின்விளக்கு வந்தபின் வேலைநேரம் இரவுக்குள்ளும் நீண்டது. 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களின் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணியாக வரையறுத்தது. சிற்றுயிருக்கும் இடம் ஒதுக்கிய நகரத்தில், ஓய்வின்றி உழைத்த மனிதருக்கென ஒரு சபை இல்லாதிருந்தது. அறவோர் இல்லாத ஊரன்று அது. உதவி நாடி வருவோருக்குக் கொடுக்கும் கைகள் அங்கே பல. நியாயம் கேட்டு வருவோருக்கு அமர இடம்தான் இல்லை.

இந்தக் குறையைச் சமணப் பெருவணிகக் குடும்பத்திலேயே பிறந்த ஒரு பெண்மணி உணர்ந்தார். அனசூயா சாராபாய் 1885-ல் பிறந்தவர். ஒன்பதாம் வயதில் பெற்றோரை இழந்தார். இளமையிலேயே செய்துவைக்கப்பட்ட திருமணம் நிலைக்கவில்லை. தம்பி அம்பாலாலின் துணையோடு 1912-ல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றார். உயிர்களை அறுத்துப் பார்க்கும் பயிற்சி அவருடைய சமண உள்ளத்துக்கு ஒவ்வாததால் அப்படிப்பைக் கைவிட்டுச் சமூகவியல் துறைக்கு மாறினார். நாடு திரும்பியபின் ஆலைத் தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஒருநாள் காலை, களைத்துத் தள்ளாடி நடந்த பெண் தொழிலாளர் சிலரைக் கண்டு விசாரித்தார். அவர்கள் 36 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்துவிட்டுத் திரும்புகின்றனர் என்று தெரிந்தது. அன்றுமுதல் அவர் பணி பள்ளியோடு நிற்கவில்லை. 1917-ன் இறுதியில் பாவு பிரிவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு அவரே தலைமை ஏற்றார்.

1918: ஒரு குடும்பத்தின் இரு பக்கம்

1917-ல் நகரில் பிளேக் நோய் பரவியது. தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாதிருக்க முதலாளிகள் கூலியோடு சிறப்புப் படி வழங்கினர். சிலருக்கு அது கூலியில் 70 விழுக்காட்டுக்கும் மேலாக இருந்தது. நோய் தணிந்ததும் 1918-ன் தொடக்கத்தில் அப்படியை நிறுத்த முடிவாயிற்று. முதல் உலகப்போரினால் விலைவாசி ஏறியிருந்த நேரம் அது. நெசவாளர்கள் 50 விழுக்காடு உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 விழுக்காட்டுக்கு மேல் இசையவில்லை. பிப்ரவரி 22-ஆம் நாள் ஆலைகளின் கதவடைப்பு தொடங்கியது.

காந்தியடிகள் வாழ்க்கைச் செலவையும் ஆலைகளின் நிலையையும் ஆராய்ந்து 35 விழுக்காடே நியாயம் என்று சொன்னார். தொழிலாளரும் தங்கள் கோரிக்கையைக் குறைத்து அதனை ஏற்றனர். ஒவ்வொரு நாளும் சாபர்மதிக் கரையில் ஒரு வேலமரத்தின் அடியில் கூட்டம் நடந்தது. வன்முறை கூடாது, வேலைக்குச் செல்வோரைத் துன்புறுத்தலாகாது, பிச்சையை நம்பக் கூடாது, போராட்டம் நீண்டால் வேறு நேர்மையான உழைப்பால் வயிறு வளர்க்கவேண்டும் என்பவை அவர்கள் ஏற்ற உறுதிமொழிகள்.

முதலாளிகளின் பக்கம் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவர் தமக்கை அனசூயா. கொள்கையில் எதிரெதிராக நின்றபோதும் இருவருக்கும் இடையே உடன்பிறந்த அன்பு குலையவில்லை. முன்னர் 1915-ல் கோச்ரப் ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றைச் சேர்த்ததால் பண உதவிகள் நின்றுபோனபோது, பெயர் சொல்லாமல் காந்தியடிகளிடம் 13,000 ரூபாய் கொடுத்துச் சென்ற சேட்டும் அம்பாலாலே என்பது பின்னர் அறியப்பட்டது. தீண்டாமைக்கு எதிரான முயற்சிக்கு மறைவாக உதவிய அதே மனிதர், தம் ஆலைத் தொழிலாளி கூலி உயர்வைக் கேட்டபோது எளிதில் இசையவில்லை. கொடையும் கூலியும் அவர் மனத்தில் வெவ்வேறு கணக்குகளாக இருந்தன. அந்நாளைய பெருவணிகர் பலருக்கும் அவ்வாறே.

வேலையிழந்த தொழிலாளருக்குப் பணம் தர வெளியூர் அன்பர்கள் முன்வந்தபோது காந்தியடிகள் அதை ஏற்கவில்லை. ஆசிரமத்தில் எழுந்துகொண்டிருந்த நெசவுக்கூடத்தின் அடித்தளத்தை நிரப்ப ஆற்றுமணல் தேவைப்பட்டது. தொழிலாளர் கூடை சுமந்து கூலி பெற்றனர். அனசூயாவும் அவ்வரிசையில் சேர்ந்து கூடை சுமந்தார். நாள்கள் செல்லச்செல்ல உறுதி தளர்ந்தது. தலைவர்கள் மோட்டார் வண்டியில் வந்து போகிறார்கள், நல்ல உணவு உண்கிறார்கள், பட்டினி நமக்குத்தான் என்று குடியிருப்புகளில் பேச்சு எழுந்தது. அது காந்தியடிகளின் செவிக்கு எட்டியது. மார்ச் 15-ஆம் நாள் அவர் உண்ணாநோன்பு தொடங்கினார். 18-ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. உறுதிமொழியைக் காக்க முதல்நாள் 35 விழுக்காடு, முதலாளிகளின் சொல்லைக் காக்க இரண்டாம் நாள் 20 விழுக்காடு, அதன்பின் நடுவர் தீர்ப்பு வரும்வரை 27.5 விழுக்காடு என்று முடிவாயிற்று. நடுவராக இருந்த பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா இறுதியில் 35 விழுக்காட்டையே தீர்ப்பாக அளித்தார்.

மஜூர் மகாஜனம்

1920 பிப்ரவரி 25-ஆம் நாள் தொழிலாளர் சங்கம் முறையாக நிறுவப்பட்டது. ‘மஜூர்’ என்றால் உழைப்பாளி. மஜூர் மகாஜனம் என்னும் பெயர் குஜராத்திச் செவிக்கு இரு வேறு உலகங்களை ஒன்றாக்கி ஒலித்தது. மகாஜனம் என்பது சேட்டுகளின் மதிப்பைத் தாங்கிய சொல். கைவினைஞரின் சபைகூடப் பஞ்ச் எனப்பட்டதேயன்றி மகாஜனம் எனப்படவில்லை. அந்த மதிப்பைக் கூலித் தொழிலாளர் தமக்கும் உரியதாக்கிக்கொண்டனர். அனசூயா சாராபாய் 1972-ல் மறையும்வரை அதன் தலைவராக இருந்தார். தொழிலாளர் அவரை மூத்த சகோதரி என்னும் பொருளில் ‘மோட்டாபென்’ என்று அழைத்தனர். சங்கர்லால் பாங்கரும், 1922 முதல் குல்சாரிலால் நந்தாவும் அவருக்குத் துணை நின்றனர்.

பெயரோடு பழைய மகாஜனத்தின் நடைமுறைகளும் வந்தன. லாகாவைப் போலவே உறுப்பினர் தம் கூலியிலிருந்து சந்தா செலுத்தினர். அந்தச் சிறுதொகையில் மருந்தகம், பள்ளி, மலிவு விலைக் கடை, சேமிப்பு நிதி ஆகியவை நடந்தன. தொழிலாளியின் முறையீடு சங்க அலுவலகத்தில் ஏட்டில் பதியப்படும். சங்கத்தார் அதனை ஆலை மேலாளரிடம் கொண்டு செல்வர். அங்குத் தீராவிட்டால் நடுவர்முன் போகும். 1920-ல் அமைந்த நிலையான நடுவர் குழுவில் தொழிலாளர் சார்பில் காந்தியடிகளும், முதலாளிகள் சார்பில் மங்கள்தாஸ் கிரிதர்தாஸும் இருந்தனர். நகரசேட் முன் இரு வணிகர் வழக்குப் பேசிய மரபு, முதலாளியும் தொழிலாளியும் சமமாக அமரும் மன்றமாயிற்று.

இதன் குறைகளையும் மறைக்கவேண்டியதில்லை. சங்கம் பிரிவுவாரியாக அமைந்ததால் ஆலைக்குள் இருந்த சாதி, சமயப் பிரிவினைகள் பெருமளவு அப்படியே தொடர்ந்தன. 1923-ல் கூலிக் குறைப்பை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. கூலி சுமார் 15 விழுக்காடு குறைந்தது. உறுப்பினர் பலர் விலகினர். முஸ்லிம் நெசவாளர் பலர் நெடுங்காலம் விலகியே நின்றனர். அரவணைத்துப் போகும் வழி முதலாளிக்கே சாதகம் என்று கருதியோர் பின்னாளில் வேறு சங்கங்களை அமைத்தனர். ஆயினும் வீழ்ச்சியிலிருந்து மீண்டெழுந்து இந்தியாவின் வலுவான தொழிற்சங்கங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. அதற்குக் காரணம் வெளியார் கொடையை நம்பாமல் உறுப்பினரின் சந்தாவில் அது நின்றமையே.

நிறைவாக

லாகாவும் சந்தாவும் வடிவத்தில் ஒன்றே. உழைப்பின் பயனிலிருந்து ஒரு சிறு பங்கு பொதுவுக்குப் பிரிகிறது. அதை எழுத ஓர் ஏடு இருக்கிறது. அந்த ஏட்டைப் பார்க்கும் உரிமை அனைவருக்கும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் பழைய மகாஜனம் தன் அதிகாரத்தை மெல்லமெல்ல இழந்தது. நீதிமன்றங்கள் வந்தபின் அதன் தண்டத்துக்கு அஞ்சுவோர் குறைந்தனர்; நகராட்சி வந்தபின் மதிலும் வீதியும் அதன் கையைவிட்டுப் போயின. நிலைத்து நின்றவை பாஞ்சராப்போளும், தருமசாலையும், திருத்தலப் பேடியும், ஏட்டு ஒழுங்கும்.

சமண அறம் தானத்தைப் போற்றுவது. அகமதாபாத்தின் வரலாறு அதனோடு இன்னொன்றையும் சேர்க்கிறது. கொடுப்பவர் மேலேயும் பெறுபவர் கீழேயும் நிற்கும்வரை தானம் பசியை ஆற்றும். தலைநிமிர்வைத் தருவது அதனால் இயலாது. தாமே செலுத்திய அணாவிலிருந்து உதவி பெற்ற தொழிலாளி எவருக்கும் கடன்பட்டவனல்லன். அவனும் அச்சபையில் ஒரு மகாஜனம். சமணக் குடும்பம் ஒன்றின் மகள் இதனை உணர்ந்து, தம் முன்னோர் காத்த பெயரை வேலிக்கு வெளியே இருந்தோரிடம் சேர்த்தார். அறக்கட்டளைகளும் சங்கங்களும் நடத்துவோர் ஆண்டுதோறும் கணக்கை முடிக்கும்போது, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதோடு, பெறுபவருக்கும் அச்சபையில் இடம் உண்டா என்றும் பார்ப்பது அகமதாபாத்தின் அந்தப் பெயர் விட்டுச்சென்ற கடமை.